அரிசி டின்னில் மீசைக்காரர்

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்தது, இங்கே பெய்யாமல் செண்டாயான் பக்கம் போய்விட்டது.

எஸ்டேட் முனியாண்டி கோயிலில் கூட்டம். இருந்தவர்கள்: தலைவர் மணியம். பூசாரி பச்சையப்பன் அண்ணன். பொருளாளர், நான். அஞ்சலை, கமிட்டியில் இல்லை, கூட்டிப் பெருக்க வந்தவள், கடைசிவரை துடைப்பத்தோடு நின்றாள். செயலாளர் வரவில்லை, மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். மரத்தடியில் கறுப்பு நாய். அவ்வளவுதான்.

விஷயம்: நிலத்தை வாங்கிய கம்பெனி இடத்தைக் காலி செய்யச் சொல்கிறது. ஆடி பிறந்தால் சாமியைப் பெயர்க்கக் கூடாது. ஆகவே எல்லாம் ஆனிக்குள். புது இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வேலி போட்டாயிற்று, கூரை இன்னும் இல்லை. இந்தியாவிலிருந்து கருங்கல் முனீஸ்வரர் கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டார். மணியம் போனில் படம் காட்டினார். உருட்டிய கண், ஓங்கிய அரிவாள். நன்றாகத்தான் இருக்கிறது.

"பழைய சாமிய என்ன செய்யறது?" என்று கேட்டேன்.

மணியம்: "பழசு என்னாக்கா, சிமெந்துல பதிச்ச ஒரு வட்ட முகம். என்னா சாமான்னே யாருக்கும் தெரியல. முறைப்படி பேத்தெடுத்து, பி.டி. கடல்ல கொண்டுபோய் விட்டுருவோம்லா. ஐயருகிட்ட கேட்டுட்டேன்."

அஞ்சலை: "கடல்ல போட்டா சுருட்டு அணைஞ்சு போயிடுமே."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. பூசாரி அண்ணன் வாயே திறக்கவில்லை, சட்டைப் பையில் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். 25ஆம் தேதி புதன் பெயர்ப்பது, 29 ஞாயிறு கடல் என்று முடிவு. நான் மாதக் கணக்கை வாசித்துக் கையெழுத்து வாங்கினேன்.

என்ன சாமான் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

வந்து கால் நீட்டி உட்கார்ந்ததுதான், எழுந்திருக்க மனமில்லை. சோறு வீட்டுக்காரரே போட்டுக்கொண்டார்.

ஜூன் 16, திங்கள்

வெயில். துணி இரண்டு தரம் காயப்போட்டேன்.

இங்கே எழுதலாம். அவர் இதையெல்லாம் படிப்பதில்லை, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதே அவருக்குத் தெரியாது.

எங்கள் முனியாண்டி சாமி ஒரு பீங்கான் தட்டு. பங்களாவில் துரை சுவரில் மாட்டியிருந்த தட்டு. அதில் இருப்பவர் அந்த முதல் உலக யுத்தத்து வெள்ளைக்கார சோல்ஜர். சண்டைக்குப் போனவர்கள் ஊரில் இருக்கிறவர்களைச் சிரிக்க வைக்க, பதுங்குகுழிக் கஷ்டத்தையெல்லாம் கேலிப்படமாக வரைந்து தட்டிலும் கோப்பையிலும் அச்சடித்து விற்றிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் இதே ஆள். தொங்கு மீசை, கழுத்தில் துண்டு, தலையில் தகரத் தொப்பி, வாயில் புகை. கீழே ஒரு வரி ஜோக்.

எனக்கு எப்படித் தெரியும்: நான்கு வருடத்துக்கு முன்னால் பங்களாவை இடித்தபோது குப்பை ஏற்றின லாரி இவருடையது. மூக்கு உடைந்த டீ பாட் ஒன்றைக் கொண்டுவந்து, "கரண்டி போட்டு வச்சுக்க" என்றார். கழுவினேன். மீசை தெரிந்தது. கையிலிருந்து நழுவப் பார்த்தது. அந்த மீசையைப் பார்த்துத்தான் நான் பிறந்ததிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். இவர் லாரி ரந்தாவ் வளைவில் கவிழ்ந்தபோது விழுந்து அழுததும் அந்த மீசையிடம்தான்.

கோயிலில் மற்றதெல்லாம் குங்குமத்துக்கும் வெள்ளிக் கவசத்துக்கும் அடியில். வெளியே தெரிவது மீசை மட்டும். கண் கவசத்தில் எழுதின கண்.

அன்றிலிருந்துதான் தேட ஆரம்பித்தேன். அழகுக்கு இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். சாமியைச் சுரண்டிப் பார்க்க முடியாது, அவருடைய கூட்டாளிகளைப் பார்க்கலாம். சிரம்பான் பழைய சாமான் சந்தை, லாபுவில் பங்களா சமையல்காரர் குடும்பம் (துரை சுவரில் இருந்த தட்டைப் பற்றி அவர்கள்தான் சொன்னார்கள்), இப்படி. இதுவரை சேர்ந்தது:

டீ பாட். மூக்கு இல்லை. படம்: மீசைக்காரர் தன் தொப்பியில் தண்ணீர் காய்ச்சுகிறார், சுற்றிலும் குண்டு. ஜோக்: யாரும் அசையாதீங்க, இப்பத்தான் கொதி வருது.

பால் ஜக், ஒரே மாதிரி இரண்டு. முட்டி வரை தண்ணீரில் இருவர். ஜோக்: மழை வரும்போல இருக்கு.

சாம்பல் தட்டு. மீசைக்காரர் தூங்குகிறார், நெஞ்சின் மேல் எலியும் தூங்குகிறது. ஜோக்: எலியை எழுப்பாதே, அதுவும் நம்ம ஷிஃப்ட்தான்.

கோப்பை, காது ஒட்டுப்போட்டது. கொடியில் சட்டை, அதில் ஓட்டை. ஜோக்: கொஞ்சம் தள்ளிச் சுடு, துணி காயுது.

ஜோக் எல்லாம் அகராதியில் இல்லாத கொச்சை இங்கிலீஷ். மகள் சுபா நீலாயிலிருந்து வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். "அம்மா, ஒங்களுக்கு என்னா திடீர்னு யுத்தம்?" என்றாள். அவளிடமும் சொல்லவில்லை.

வைத்திருப்பது சமையலறை அலமாரியில். பூசை அறையில் வைக்க முடியாது, அது ஜோக். டீ குடிக்கவும் முடியாது, அது சாமி. ஒருநாள் இவர் சாம்பல் தட்டில் சிகரெட்டைத் தட்டப்போனார், கத்திவிட்டேன். "சாம்பல் தட்டுல சாம்பல் தட்டாம சந்தனமா வைக்கச் சொல்ற?" என்றார். தட்டை எடுத்து மேலே தள்ளி வைத்தேன்.

ஜூன் 18, புதன்

சிரம்பான். மருந்து (பிரஷர்), ஊதுபத்தி, இவருக்குச் செருப்பு. பஸ் ரொம்ப நேரம் வரவில்லை. இடுப்பு போயிற்று.

ராஜரத்தினம் ஐயா வீடு. ஐயாவும் இதே பீங்கான் சேர்க்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், ரிட்டயர்டு ஆகிவிட்டார். தாத்தா எங்கள் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர், அந்த வழியில் ஐயாவிடம் ஒரு செட் கோப்பை. சந்தையில் ஒரே ஜக்குக்கு நானும் அவரும் கை நீட்டி அறிமுகம். விட்டுக்கொடுத்தது அவர்.

என்னிடம் இருக்கும் இரண்டாவது ஜக்கைக் கொடுத்தேன், அவரிடம் அதிகமாக இருந்த சாசரைக் கொடுத்தார். சரிக்குச் சரி. அவர் வீட்டு அம்மா கேக் வைத்தார். முட்டை போட்டது, புதன்கிழமை எனக்குச் சைவம், சாப்பிடவில்லை.

அவர் கண்ணாடி அலமாரியில் விளக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் சின்ன ஸ்டாண்டு. நடுவில் ஒரு பெரிய இடம் காலி.

"அது பெரிய தட்டுக்கு, பிள்ளை. சுவரில மாட்டுறது. நான் படத்திலகூட வடிவாய்க் காணேல்லை. எங்கட அப்பப்பா சொல்லுவார், உங்கட எஸ்டேட் துரையிட்ட ஒண்டு இருந்ததாம். அந்த மனுசன் அந்த யுத்தத்துக்குப் போய் ஒரு நுரையீரலோட திரும்பினவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் தட்டுக்கு முன்னால நிண்டு விஸ்கி கிளாசைத் தூக்கிக் காட்டிப்போட்டுத்தான் குடிப்பாராம்."

அப்படியென்றால் படையல் அன்றைக்கே ஆரம்பம். இதை அவரிடம் சொல்லவில்லை.

"எங்கயாவது கண்டா எனக்கு ஒரு சொல் சொல்லுங்கோ. நான் விக்கிறவன் இல்லை. பத்திரமா வைப்பன்."

பத்திரமாக வைப்பார், அதில் சந்தேகமே இல்லை. கடலைவிட அந்தக் கண்ணாடி நல்லதுதான். ஆனால் விளக்குப் போட்ட அலமாரியில் ஸ்டாண்டில் நிற்கிற சாமியிடம் யார் போய் என்ன கேட்பது? ஜோக்கைப் படித்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள்.

"சொல்றேன் ஐயா" என்றுவிட்டு வந்தேன். பஸ்ஸில் சாசரை மடியில் வைத்து வந்ததில் கை மரத்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

விரதம். மூட்டம். சாயங்காலம் கோயில், எலுமிச்சை, சுருட்டு.

அஞ்சலை வரவில்லை. பூசாரி அண்ணன் மட்டும். ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன், இனிமேல் தள்ளிப்போட முடியாது.

"அண்ணே, சாமிய கடல்ல விடறாங்க, நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

"நான் என்னாத்த சொல்றது. மணியம் கோயில் கட்டுறான். நான் சுருட்டு கொளுத்துறேன்."

"அண்ணே, அது என்னா சாமின்னு..." 

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மங்குத் தட்டுன்னு சொல்ல வர்ற. சொல்லேன். இத்தன வருசமா ஒன் மூஞ்சியிலதான் எழுதியிருக்கே."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கப்பன் பங்களா வாட்ச்மேன். வாரா வாரம் அத தொடைச்சு மாட்டுனவனே அவன்தான். மங்கு எது சாமி எதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா கொண்டாந்து வச்சாரு?"

"துரை ஓடிட்டான். ஜப்பான்காரன் வந்துட்டான். லயத்து வீட்டு ஆம்பளைங்கள சயாம்ல ரயில் பாதை போடப் பிடிக்கிறான், போனதுல பாதிப் பேரு திரும்பல. எங்கப்பன் பேரும் வந்துருச்சு. இங்க இருந்த முனியாண்டி ஒரு செங்கல்லு. கும்புட்டுப் பாத்தான், பயம் போவல. மங்குல இருக்கிற இந்த ஆளு குழிக்குள்ள ஒக்காந்திருக்கான், தலைக்கு மேல குண்டு வெடிக்குது, இவன் பாட்டுக்குப் பொக விடுறான். பயப்படாதவன் எவனோ அவன்தான் சாமின்னு, பங்களாச் சொவத்துலேருந்து கழட்டியாந்து செங்கல்லு இருந்த எடத்துல பதிச்சுட்டுப் போனான். போனவன் திரும்பி வந்தான். நான் பொறந்தேன். வேற என்னா கணக்கு வேணும் பொருளாளருக்கு?"

"இத நீங்க கமிட்டியில சொல்லியிருக்கலாமே."

"யாரு கேட்டா?"

அதுவும் சரி. யாரும் கேட்கவில்லை. நானும் நான்கு வருடமாக, இந்த எஸ்டேட்டில் நான் ஒருத்திதான் கண் தெரிந்தவள் என்று நினைத்து, மூட்டை சுமக்கிற மாதிரி சுமந்தேன். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். அழுகையும் வரவில்லை சிரிப்பும் வரவில்லை. அலுப்பு மட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மழை, கடைசியில். பின்கட்டில் ஒழுகல், வாளி வைத்தாயிற்று. முருங்கைக் கிளை முறிந்தது.

இவரிடம் சொன்னேன். சாமி தட்டு என்று.

டிவியை நிறுத்தினார்.  பிறகு: "அப்ப என் லாரி கவுந்தப்ப நீ கும்புட்டது தட்டையா?"

"ஆமா."

"நல்ல தட்டு" என்றார். டிவியைப் போட்டுவிட்டார்.

மணியம் கெட்டவர் இல்லை, இதையும் எழுத வேண்டும். கம்பெனியோடு அலைந்து இடம் வாங்கியது அவர். சொந்த வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் ஆபீஸ் படியில் உட்கார்ந்தார். பக்கத்து எஸ்டேட்டில் கோயிலும் போய் இடமும் போனது. நமக்கு இடமாவது இருக்கிறது. அவருக்கு ஊர்க் கோயில்போல ஒழுங்காக வேண்டும், கருங்கல், கோபுரம், ஐயர். "இனிமே நம்மள யாரும் மரத்தடி சாமின்னு சொல்லக் கூடாது" என்பார். அவர் ஆசையில் தப்பு இல்லை. அதனால்தான் சண்டை போட முடியவில்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபம்.

வாளி நிறைந்துவிட்டது.

ஜூன் 25, புதன்

நல்ல வெயில். பெயர்த்தாயிற்று.

ஐயர் வந்து மந்திரம் சொல்லி, சாமியை ஒரு குடத்துத் தண்ணீரில் இறக்கினார். அதற்குப்பின் மரத்தடியில் இருப்பது வெறும் பொருள், பெயர்க்கலாம் என்றார். கேட்க ஒரு மாதிரி இருந்தது. ஐயர் போனதும் மணியம் ஒரு வங்காளதேசத்து ஆளை உளி சுத்தியலோடு கூட்டிவந்தார். பூசாரி அண்ணன் உளியைப் பிடுங்கிக்கொண்டார். "எங்கப்பன் பதிச்சது, நான் எடுத்துக்கிறேன்." வயசான கை. மெதுவாக, ஓரம் ஓரமாகத் தட்டினார். மத்தியானம் ஆகிவிட்டது. மணியம் காடிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே ஏர்கான் போட்டு உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசி அடியில் வந்துவிட்டது. முழுசாக. ஆனால் ஒரு கீறல், விளிம்பிலிருந்து கவசத்துக்குள் வரை. பழைய கீறலா, இப்போது விழுந்ததா தெரியாது.

மணியம் இறங்கிவந்து பார்த்தார். "பின்னமாயிருச்சு. இனிமே பேச்சே இல்ல. பின்னமான சாமிய வச்சுக் கும்புட்டா ஊருக்கு ஆவாதுக்கா. ஞாயித்துக்கெழம கடல்தான்."

அதுவரைக்கும் எங்கே வைப்பது? புது இடத்தில் கூரை இல்லை. பூசாரி அண்ணன் வீடு ஒழுகுகிறது. பொருளாளர் வீடு என்று முடிவு. மணியம் காடியிலேயே கொண்டுவந்து விட்டார், அண்ணனும் கூட வந்தார், மடியில் துண்டு விரித்துப் பிடித்துக்கொண்டு. மணியம் டீ குடிக்காமல் போய்விட்டார்.

கவசத்தைக் கழற்றினோம். நல்லெண்ணெய், அப்புறம் சீயக்காய், அப்புறம் வெறும் பஞ்சு. எத்தனையோ வருடத்துக் குங்குமம், தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டே இருந்தது, சிங்க்கில் பார்க்கப் பயமாக இருந்தது. முதலில் தொப்பி. பிறகு பின்னால் வெடிக்கிற குண்டு, மஞ்சள். கழுத்துத் துண்டு. பிறகு கண்.

கோபக் கண் இல்லை. பயப்படாத கண் என்றும் சொல்ல முடியாது. தூங்காத கண். இவர் இரவு லோடு அடித்துவிட்டு விடியலில் வந்து பசியாற உட்காரும்போது இருந்த கண். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கப்பன் இதையா பயப்படாதவன்னான்" என்றார். கொஞ்சம் கழித்து, "அவனும் இப்படித்தான் இருப்பான்" என்றார்.

கீழே எழுத்து. அழிந்தும் அழியாமலும். போனில் படம் எடுத்து சுபாவுக்கு அனுப்பினேன், அவள் ஆபீசிலிருந்தே வாசித்துச் சொன்னாள். மீசைக்காரர் குழிக்குள் உட்கார்ந்தபடி சொல்கிறார்:

மறுபடியும் இடம் மாறணுமாம். இந்தக் குழி இப்பத்தான் காஞ்சுது.

நான் தமிழில் சொன்னதும் பூசாரி அண்ணன் ஒன்றும் புரியாதவர்போல என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடி சிரிப்பு. இவர் எழுந்துவந்து முதுகைத் தடவினார். "இத்தன காலம் இதையாடா சொல்லிக்கிட்டு இருந்த" என்று தட்டைப் பார்த்து அண்ணன் கேட்டார். நானும் சிரித்தேன். எங்களை லயத்து வரிசை வீட்டிலிருந்து கிளப்பியபோது கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தோம், ஒரு மழைகூட அதில் விழவில்லை. அது ஞாபகம் வந்து நின்றது சிரிப்பு.

எங்கே வைப்பது? பூசை அறையில் வைக்க இவர் பயந்தார், பின்னமாம். அலமாரியில் கூட்டாளிகளோடு வைக்க எனக்கு மனசில்லை. கடைசியில் அரிசி டின். பெரிய டின், இடுப்பு உயரம். அரிசிக்குள் புதைத்தால் இடிபடாது. புதுச் சிலையையும் பிரதிஷ்டைக்கு முன்னால் தானியத்தில்தான் படுக்கவைப்பார்கள். இரண்டில் எதற்காக வைத்தேன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. மேலே ஒரு சுருட்டு வைத்தார் அண்ணன். நான் எடுத்து வெளியே வைத்தேன், அரிசி நாறிவிடும்.

ஜூன் 26, வியாழன்

மூட்டம். கைவிரல் இடுக்கில் இன்னும் குங்குமம், போகவில்லை.

ராஜரத்தினம் ஐயாவுக்கு போன் போட்டேன். தட்டு இருக்கிறது என்று சொன்னேன், எங்கே இருந்தது என்றும் சொன்னேன். சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன், அது போதும்.  

அவர் முதலில் கேட்டது: "கீறல் இருக்கோ?"

"இருக்கு ஐயா."

"கீறல் விழுந்த பீங்கானைத் தண்ணியில போட்டா கொஞ்ச நாளையில பிரிஞ்சு போம், பிள்ளை. என்னட்டத் தந்தா ஒட்டுவிப்பன்." பிறகு அவரே, "ஆனா நான் கேக்கமாட்டன். அப்பப்பா அந்தக் கோயிலுக்கு வாறவர் இல்லை, எங்களுக்கு அது கூலியாக்களின்ர சாமி எண்டு சொல்லித்தான் வளத்தவை. கடைசியில பாத்தா துரையின்ர தட்டு." சிரித்தார், ஆனால் சந்தோஷச் சிரிப்பு இல்லை. "ஒட்டுற ஆளின்ர நம்பர் அனுப்புறன். நீங்களே ஒட்டுவியுங்கோ." அனுப்பிவிட்டார். நல்ல மனுசன்.

மணியத்துக்கு போன். கடலில் விடவேண்டாம் என்றேன்.

"அக்கா, நீங்களே சாத்திரம் பாக்கிறவங்க. பின்னமான சாமிய வச்சுக்கலாமா? சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன். சாத்திரப்படி அவர் சொல்வது சரி. வைக்கக் கூடாது.

மத்தியானம் முழுக்க அதே யோசனை. குழம்பில் உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை, இரண்டாம் தரமும் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. இவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

பாத்திரம் கழுவும்போது புரிந்தது. சாமி என்றால் பின்னம். பின்னம் என்றால் கடல். தட்டு என்றால் கீறல்தான், கீறலுக்கு ஒட்டு உண்டு. அவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவர் சாமி இல்லை என்று என் வாயால் சொல்லவேண்டும். சொன்னால் நாளைக்கு அஞ்சலை முதல் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். இத்தனை நாள் தெரிந்தே எங்களைத் தட்டுக்கு எலுமிச்சை வெட்ட வைத்தாயா என்று கேட்பார்கள். அதற்கப்புறம் அந்த மீசைக்கு முன்னால் யார் நிற்பார்கள்? கடலில் போனால் சாமியாகவே போவார். ஊருக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கையும் அப்படியே இருக்கும்.

பூசாரி அண்ணனிடம் கேட்டேன். "பூ கட்டிப் போட்டுப் பாக்கலாமாண்ணே, செவப்பா வெள்ளையான்னு?"

"யாருகிட்ட போட்டுப் பாப்ப? அவன்தான் அரிசிக்குள்ள கெடக்கிறானே." அப்புறம் சொன்னார், "எங்கப்பன் தெரிஞ்சுதான் கும்புட்டான். நீயும் தெரிஞ்சுதான் கும்புட்ட. மத்தவங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதா?"

 முட்டிக்குத் தைலம் தேய்த்துப் படுத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் குளித்து, விளக்கேற்றி, விரதம். சின்னத் தூறல். இரண்டு நாள் சோற்றுக்கான அரிசியை முதலிலேயே அளந்து பானையில் எடுத்துவைத்துவிட்டேன். அளக்கும்போது விரலில் விளிம்பு தட்டியது. கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பழக்கம்.

இவர் எழுந்துவந்து, "என்னா முடிவு?" என்றார்.

"எழுதப் போறேன்."

"எழுது. மீச வச்சவன் எல்லாம் சாமியில்ல, ஆனா அவன் நம்ம ஆளு."

மணியத்துக்குப் போனில் அனுப்பிய செய்தி, நகல் இங்கே:

தலைவர் மணியம் அவர்களுக்கு வணக்கம். நேற்று நீங்கள் கேட்டதற்குப் பதில். பின்னமான சாமியை வைக்கக் கூடாது, சரிதான். ஆனால் மரத்தடியில் இருந்தது சிலை இல்லை, பீங்கான் தட்டு. பங்களாத் துரை சுவரில் மாட்டியிருந்தது. அதில் இருப்பது பழைய யுத்தத்து சோல்ஜர், கேலிப்படம். எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். பூசாரி அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவர் அப்பா தெரிந்தேதான் கொண்டுவந்து வைத்தார், ஏன் என்று அண்ணனைக் கேளுங்கள், சொல்லுவார், இதுவரை யாரும் கேட்கவில்லையாம். தட்டுக்குப் பின்ன தோஷம் கிடையாது. ஒட்டுகிற ஆள் சிரம்பானில் இருக்கிறார், நம்பர் என்னிடம் இருக்கிறது. கருவறையில் கருங்கல் முனீஸ்வரர் இருக்கட்டும், அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. தட்டைக் கோயில் வாசல் சுவரில், நுழையும்போது வலது பக்கம், பதிக்கக் கமிட்டி அனுமதிக்க வேண்டும். சாமியாக வேண்டாம், காவலுக்கு. கீழே இருக்கும் எழுத்தைத் தமிழில் எழுதி வைக்கலாம், என்ன எழுத்து என்று நேரில் சொல்கிறேன், நீங்களும் சிரிப்பீர்கள். வருகிறவர்கள் பொட்டு வைத்தால் வைக்கட்டும், சுருட்டு வைத்தால் வைக்கட்டும், நான் தூண்டவும் மாட்டேன் தடுக்கவும் மாட்டேன். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியட்டும், கூட்டத்தில் நானே எழுந்து சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் சொல்லியிருக்கிறீர்கள், தெரியும். தட்டு எங்கள் அரிசி டின்னுக்குள் இருக்கிறது. நாளை வரைக்கும்தான் அரிசி வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.